கோடு இல்லாத வளைவுகள்

பஞ்சைக் கடித்தபடியே இருங்கள், வீடு போய்ச் சேருகிறவரை பேச வேண்டாம் என்று பொள்ளாச்சியில் பல் பிடுங்கிய டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள், அதனால் வாயை மூடிக்கொண்டுதான் வால்பாறை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன், ஊசியில் மரத்துப்போன இடது பக்கத்து உதடு என்னுடையதாகவே இல்லை, தொட்டால் வேறு யாரோ ஒருத்தியின் உதட்டைத் தொடுவதுபோல இருந்தது, ஆழியாறு சோதனைச் சாவடியில் வனத்துறை ஆள் ஏறி பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பைகளை அமுக்கிப் பார்த்துவிட்டு இறங்கினான், வண்டி நகர்ந்தது, அப்போதுதான் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. எஸ்டேட் சொந்தங்கள் என்று, தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டு வரிசையில் குடியிருக்கிற ஆட்கள் வைத்திருக்கிற வாட்ஸ்அப் குரூப். ஒரு போட்டோ, அதற்குக் கீழே ஓர் ஆணின் குரல். பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றியது. நான் எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிறவள், இந்த மாதிரி ஏதாவது வந்தால் முதலில் பார்ப்பது நான்தான். வெள்ளைக் கார், கதவு திறந்திருக்கிறது, முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிய ஒரு பெண் கையில் போனை உயரப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறாள். நிற்கிற நிற்பே சரியில்லையே என்று நினைத்தேன். நான்தான் நினைத்தேன். கண்ணைப் பார், திருட்டுக் கண் என்று நினைத்தேன். அப்புறம் அந்தத் துப்பட்டாவைப் பார்த்தேன், கடுகு மஞ்சளில் அரக்குக் கரை, போன தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்தது, அவளுக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் வெயிலுக்குச் சுற்றிக்கொள்ள ஆகும்மா என்று வாங்கிக்கொண்டாள். அது மேகலா. என் மகள். நம்பரை அழுத்துவதற்குள் பஸ் முதல் வளைவில் திரும்பிவிட்டது, போனின் மேல் மூலையில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகப் படுத்து, கடைசியில் ஒரு பெருக்கல் குறி மட்டும் நின்றது.

இனி மேலே போகிறவரை வராது. இந்த ரோடு எனக்குத் தெரியும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏறி இறங்குகிற ரோடு, நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆழியாறு அணை சின்னத் தட்டுத் தண்ணீர் மாதிரி கீழே கிடக்கும். வேறு நாளாயிருந்தால் கண்ணை மூடித் தூங்கியிருப்பேன். இப்போது போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தக் குரலையே கேட்கிறேன். வந்துவிட்ட செய்திக்குச் சிக்னல் தேவையில்லை, அது உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பேசும். மக்களே, உஷாரா இருங்க, நம்ம கல்லேறிப்பாளையம் ரோட்டுல ஒரு வெள்ளக் காரு சுத்துது, மேல ரெண்டு கொம்பு மாதிரி வச்சிருக்கான், மெதுவா போறான், நின்னு நின்னு போறான், உள்ள ஏழெட்டு போனு, ஒரு பொம்பள, ஒரு தாடிக்காரன், பாத்தா விடாதீங்க. இவ்வளவுதான். கெட்ட குரல் இல்லை. பக்கத்து வீட்டு மனுஷன் கதவைத் தட்டி, கேஸ் அடுப்பை அணைச்சீங்களா என்று கேட்கிற மாதிரியான குரல். பின்னால் ஒரு சேவல் கூவுகிறது, ஒரு குழந்தை சிரிக்கிறது. அந்தக் குழந்தைக்காகத்தான் அவன் பேசியிருப்பான். காலையில் மேகலா போனில், இன்னைக்குக் கல்லேறிப்பாளையம் பக்கம்மா, வெயில் இப்பவே கொளுத்துது என்றாள். அப்படியென்றால் இது இன்றைக்குப் பேசியது. இன்றைக்கு எப்போது. படத்துக்கு மேலே பலமுறை அனுப்பப்பட்டது என்று போட்டிருக்கிறது. கீழே சமவெளியிலிருந்து எத்தனை பேர் கையைத் தாண்டி எங்கள் மலைக்கு வந்திருக்கிறது. கார் நிற்கிற ஊருக்குப் போகாமலா இருக்கும்.

அவள் வேலையை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது, அந்த ஊர்க்காரர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள். காரில் போவார்கள், அவளும் சிராஜ் என்கிற டிரைவரும், மடியில் கம்ப்யூட்டர், சீட்டு முழுக்கப் போன், ஒவ்வொரு தெருவிலும் மெதுவாகப் போய் எங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது, எங்கே விழுந்துபோகிறது என்று அளந்து எழுதி அனுப்ப வேண்டும், அதைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் புது டவர் வைப்பார்கள். அந்தக் கொம்பு ஆன்டெனா. கூரையில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும், ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் இரும்புக் கட்டிலில் ஒட்டிக் காட்டினாள். நின்று நின்றுதானே அளக்க முடியும். போனை உயரப் பிடித்தால்தானே தெரியும். அளக்கப் போகிற ஊரெல்லாம் சிக்னல் சரியில்லாத ஊர். இப்போது அவளைச் சுற்றி ஆட்கள் நின்றால், அவள் ஆபீசுக்குப் போட்டுப் பேசிக் காட்ட வேண்டும் என்றால், அங்கேயும் இந்தப் பெருக்கல் குறிதான் இருக்குமோ. அவளிடம் ஏழெட்டு போன் இருக்கிறது. ஏழெட்டிலும் பெருக்கல் குறி. அந்தப் படம் மட்டும் எல்லார் கையிலும் முன்னாடியே இறங்கி இருக்கும். இதை நினைக்கக் கூடாது. வேறு எதையாவது நினை. ஜன்னல் வழியாகப் பாறை ஓடுகிறது, பாறையில் ஒரு வரையாடு நிற்கிறது, யாரோ ஒரு பையன் அதைப் படம் பிடிக்க எழுந்து போனை உயரப் பிடிக்கிறான், அந்தக் கை அப்படியே படத்தில் இருக்கிற கை.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பொண்ணு ஊர் ஊராகக் காரில் போவதா, வங்கிப் பரீட்சை எழுது என்றேன். அவளுக்கு எங்கள் லைன் பக்கத்துப் பாறை மனசை விட்டுப் போகவில்லை. கொரோனா நேரத்தில் காலேஜ் பாடமெல்லாம் போனில் நடந்ததே, எங்கள் லைனில் கோடு வராது, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறினால் வரும், லைனில் படிக்கிற அத்தனை பேரும் குடையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் குந்தியிருப்பார்கள், அட்டை கடிக்கும், சாயங்காலமானால் சிறுத்தைப் பயம், இவள் அப்பா கையில் தகரத்தை வைத்துத் தட்டிக்கொண்டே கீழே நிற்பார். ஒருநாள் பரீட்சை பாதியில் மேகம் மூடி எல்லாம் நின்றுபோனது, மழையில் நனைந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள், சாப்பிடவில்லை. வேலை கிடைத்தபோது சொன்னாள், நான் போற ஒவ்வொரு ஊர்லயும் ஒரு பாறை இருக்கும்மா, அதுமேல புள்ளைங்க உக்காந்திருக்கும். அப்புறம், இன்னும் கொஞ்ச வருஷம்தான், ஆகாயத்துல இருந்தே நேரா போனுக்கு வந்துரும், மலை, காடு எதுவும் மறைக்காது என்றாள். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை. மறைக்க எதுவுமே இல்லாவிட்டால் இந்த மாதிரிக் குரல் எங்கேதான் போய்ச் சேராது. ஆனால் மறைக்கிற மலையில்தான் நான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன், கோடு இருந்திருந்தால் இந்நேரம் அவளோடு பேசியிருப்பேன். இருந்திருந்தால் வேறு எதையாவது பார்த்திருப்பேனோ. யாராவது நேரலையில் போட்டிருப்பார்களோ.

போன மாதம் அப்படி ஒன்றைப் பார்த்தேன். எந்த மாநிலமோ தெரியவில்லை, பாஷை புரியவில்லை, ஒரு ஆளைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள், சட்டை கிழிந்து தொங்கியது, கையைக் கூப்பிக் கூப்பி ஏதோ சொன்னான், சுற்றி நின்ற ஒவ்வொருவர் கையிலும் போன். சத்தத்தை அணைத்துவிட்டு முழுக்கப் பார்த்தேன். ஏன் பார்த்தேன். முன்பெல்லாம் லைனுக்கு ஒரு டிவி, மேஸ்திரி வீட்டு வாசலில், செய்தியில் கெட்டது ஏதாவது வந்தால் ஒருத்தி அய்யோ என்பாள், ஒருத்தி புள்ளைகள உள்ள கூட்டிட்டுப் போங்கடி என்பாள், நாலு பேர் பேசித் தீர்ப்போம், பொய் என்று சொல்லவும் ஒருத்தர் இருப்பார். இப்போது அவரவர் போர்வைக்குள் அவரவர் பார்க்கிறோம். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் படுத்திருந்தார், அவர் போனில் கபடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆள் பிழைத்தானா என்று யாரும் சொல்லவில்லை. விரலைத் தள்ளினேன், அடுத்தது முட்டைக் குழம்பு. அந்த ஆளுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள், அவளும் எங்கேயாவது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்திருப்பாள். மறுநாள் காப்பகத்துக் கதவை உள்ளே தாழ் போட்டேன், வாசலில் பழம் விற்க வந்தவனைப் போ போ என்று விரட்டினேன், பிள்ளைகளை விட்டுப்போன அம்மாக்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். அந்தப் பழக்காரனைப் பார்த்தபோது என் கை தாழ்ப்பாளை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கையில் கல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. கல்லேறிப்பாளையத்தில் காரைச் சுற்றி நிற்கிறவளும் என்னை மாதிரி ஒருத்திதான். மேகலாவுக்காகப் பயமாக இருக்கிறது, அந்த ஒருத்தியை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

மரம் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்து வளைவில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போகிறது, எங்கள் பஸ் நின்றுவிட்டது. இறங்கிவிடலாமா. இறங்கிக் கீழே ஓடினால் சாவடியில் கோடு இருக்கும். எவ்வளவு தூரம், எட்டு வளைவா, பத்தா. எழுந்தேவிட்டேன். நடந்து போய்ச் சேருகிற நேரத்தில் பஸ் மேலேயே போய்விடும், வழியில் யானை நின்றால் அதுவும் இல்லை. உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள், சின்ன வயசு, பொள்ளாச்சிப் பக்கம், மாமியார் வீட்டுக்கு வருகிறாளாம், ஏறும்போதே சொன்னாள், மூன்று வயசு இருக்கும் அவள் குழந்தை நிலானி குறுக்கே படுத்துத் தூங்குகிறது, கால் இரண்டும் என் மடியில். "என்னக்கா, வாந்தி வருதுங்களா, எலுமிச்சம்பழம் இருக்குது, தரட்டுங்களா" என்றாள். தலையை ஆட்டினேன். கண்டக்டர் முன்னால் போனார், அவரை விடக் கூடாது என்று தோன்றியது, பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் வைத்துவிட்டு வாயைத் திறந்தேன், ரத்தம் கரித்தது, வார்த்தை பாதி உதட்டிலேயே வழிந்தது. "அண்ணே, ஒரு போன் பண்ணணும், அவசரம், உங்க போன்ல லைன் இருக்கா." அவர் பையிலிருந்து எடுத்துப் பார்த்துக் காட்டினார். "எனக்கும் செத்துக் கெடக்குதுங்கம்மா. அட்டகட்டி தாண்டுனா ஒரு எடத்துல வந்துட்டுப் போகும், கவர்க்கல்லு போனா நல்லா கெடைக்கும். என்னங்க விசயம்." "பொண்ணுகிட்டப் பேசணும்." "ஆஸ்பத்திரிங்களா." "இல்ல." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு முன்னால் நகர்ந்தார். பக்கத்துப் பெண்ணும் தன் போனை எடுத்துப் பார்த்தாள், வேறு கம்பெனி, அதிலும் பெருக்கல் குறி. எதுக்குக்கா, எதாச்சும் பிரச்சனைங்களா என்றாள். படத்தைக் காட்டியிருக்கலாம். காட்ட முடியவில்லை. அவள் முதலில் ஒரு பார்வை பார்ப்பாளே, மகள் என்று நான் சொல்வதற்கு முந்தைய ஒரு பார்வை, நான் பார்த்த அதே பார்வை, அதை என் கண் முன்னால் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒண்ணுமில்லம்மா என்றேன்.

அட்டகட்டி. போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறேன், தேயிலை வாசம், குளிர்காற்று, விரல் மரத்துவிட்டது, விழுந்தால் போச்சு, விழட்டும், இல்லை விழக் கூடாது. ஒரு கோடு. ஒரே ஒரு கோடு எழுந்து நிற்கிறது. போன் ஒரு தடவை அதிர்ந்தது, மறுபடி அதிர்ந்தது, தவறிய அழைப்புகள் மேகலா, மேகலா, அப்புறம் தெரியாத நம்பர், அப்புறம் மேகலாவிடமிருந்து ஒரு குரல் பதிவு. அதன்மேல் வட்டம் சுற்றுகிறது. சுற்று, சாமி, சுற்று. முக்கால் வட்டம் வந்தது, பஸ் சரிந்து திரும்பியது, கோடு போய்விட்டது, வட்டமும் நின்றுவிட்டது, கீழ்நோக்கிய அம்பு மட்டும். அழுத்துகிறேன். மீண்டும் முயலவும். அழுத்துகிறேன். அவள் பேசியிருக்கிறாள், அப்படியென்றால் உயிரோடு இருக்கிறாள். இல்லை, பேசியபோது உயிரோடு இருந்தாள். சின்னப் பதிவு, பெருமூச்சு அளவுக்குச் சின்னது. அவ்வளவு கொஞ்ச நேரத்தில் என்ன சொல்வார்கள். நல்லாருக்கேன் என்று சொல்ல அது போதும். அம்மா என்று கத்தவும் போதும். சில நேரம் தெரியாமல் விரல் பட்டு வெறும் சத்தம் வரும், கார் சத்தம், காற்று. கூட்டத்தின் சத்தமாக இருந்தால். கோடு வந்ததும் இதைக் கேட்பேனா, மாட்டேனா. கேட்காமல் வைத்திருந்தால் அதற்குள் அவள் நன்றாகவே இருப்பாள். இப்படியெல்லாம் நினைக்கிறேனே, எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. பிள்ளையின் கால் மடியில் சூடாக இருக்கிறது. மேகலாவை இப்படித்தான் இந்த ரோட்டில் தூக்கி வந்தேன், காது குத்திவிட்டு, அழுது அழுது தூங்கிவிட்டாள், பாதம் வியர்த்திருந்தது. பல் பிடுங்கிய இடம் விண் விண் என்று தெறிக்கிறது, மரப்பு இறங்குகிறது, வலி வரட்டும், வலி வந்தால் அதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம்.

கவர்க்கல் மேட்டில் பனி இறங்கியிருந்தது, டிரைவர் விளக்கைப் போட்டார், ஜன்னலெல்லாம் வெள்ளை. கோடு ஒன்று, இரண்டு, மூன்று. நான் அழுத்தவே இல்லை, வட்டம் தானாகவே சுற்றி முடித்துவிட்டது. காதில் வைத்தேன். "அம்மா, ஸ்கூல்ல இருக்கேன், ஒண்ணும் இல்ல, பயப்படாத, அப்புறம் பேசுறேன்." அவள் குரல்தான், ஆனால் சிறு வயதில் காய்ச்சல் வந்தால் வருமே அந்தக் குரல். கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுத்தாள்.

"எங்கடி இருக்க."

"ஸ்கூல்லம்மா. இங்க உள்ள ஹெச்.எம். டீச்சர் எங்கள உள்ள விட்டு கேட்டப் பூட்டிட்டாங்க. போலீஸ் வந்தாச்சு, கூட்டமெல்லாம் கலைஞ்சிருச்சு. நீ ஏன் ஒரு மாதிரி பேசுற."

"பல்லு பிடுங்கியிருக்கு. உனக்கு என்ன ஆச்சு, சொல்லு."

"எனக்கு ஒண்ணும் இல்ல. சிராஜ் அண்ணனுக்குத்தான் தலையில கல்லு பட்டுருச்சு, தையல் போடக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பேசுறாரு, நெனவாத்தான் இருக்காரு." மூச்சு விட்டாள். "என்னைய முடியப் பிடிச்சு இழுத்தாங்கம்மா. பொம்பளைங்கதான். ஆபீஸுக்குப் போட்டுத் தரேன்னு சொன்னேன், ரோட்டுல லைனே போகல, இந்த ஸ்கூல்லதான் கெடைக்குது."

கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதால் அவளும் அழுவாள்.

"அம்மா, குரூப்ல எதாச்சும் வந்துச்சா."

"இல்லையே. எதும் வரல."

"வந்தா பாக்காத. அப்பாவுக்கும் காட்டாத."

"சரிம்மா. சாப்பிட்டியா."

"டீச்சர் டீ குடுத்தாங்க" என்றாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், வச்சுர்றேன் என்று வைத்துவிட்டாள்.

உயிரோடு இருக்கிறாள், டீ குடித்திருக்கிறாள், முடியைப் பிடித்து இழுத்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவள் கையில் என் பிள்ளையின் முடி ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும், சிராஜின் பெண்டாட்டிக்கு யார் சொல்வார்கள், அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான் என்று மேகலா சொல்லியிருக்கிறாள், எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறுகிறது, மூச்சை விட்டேன், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பஸ் முழுக்கச் சத்தம் எழுந்தது. எல்லோருக்கும் கோடு வந்துவிட்டது. டிங், டிங் என்று முன் சீட்டில், பின் சீட்டில், கண்டக்டர் பைக்குள், மணி மாதிரி, நீர் சொட்டுகிற மாதிரி, விசில் மாதிரி, அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் இறங்குகிறது. தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. அந்தக் குரல் எனக்கு மனப்பாடம், பின்னாலிருந்து ஒரு போனில் மக்களே என்று ஆரம்பித்தது, அது முடிவதற்குள் முன்னாலிருந்து இன்னொன்று மக்களே என்றது. பக்கத்துப் பெண் என் தோளைத் தொட்டாள். "அக்கா, இதப் பாத்தீங்களா. நம்ம பக்கமே வந்துட்டாளுங்க. இவளப் பாருங்க, மூஞ்சிய மூடிட்டு நிக்கறத." படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் நீட்டினாள். கடுகு மஞ்சள். அரக்குக் கரை. மேகலா சொன்னபடி எதையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம், ரொட்டிக்கடை ஸ்டாப் வந்துவிடும், அப்புறம் வால்பாறை, இறங்கிப் போய்விடலாம். இந்தப் பஸ்ஸில் யாருக்கும் என்னைத் தெரியாது.

"அது எம் பொண்ணும்மா" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் உதட்டோரம் ரத்தம் கசிந்திருக்க வேண்டும், அதைப் பார்த்தாள். என் மடியில் கிடந்த குழந்தையின் கால்களை அவள் கை மெல்ல இழுத்துக்கொண்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, காதுக்குத் தெரிந்தது அந்தக் கைக்கு இன்னும் தெரியவில்லை, எனக்குக் கோபம் வரவில்லை, அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மடி திடீரென்று குளிர்ந்துவிட்டது. "பேரு மேகலா" என்றேன். "காலேஜ் படிச்சிருக்கா. ஊர் ஊரா போயி சிக்னல் அளக்குற வேல. உன் போன்ல இப்பக் கோடு வந்துச்சுல்ல, அது எங்க வருது, எங்க வரலன்னு பாக்குற வேல. அந்தக் கொம்பு அதுக்குத்தான். கூட இருக்கறவரு டிரைவரு, சிராஜுன்னு பேரு, தலையில கல்ல போட்டு ஒடச்சிட்டாங்க." பேசப் பேச வாயில் ரத்தம் ஊறியது, விழுங்கிக்கொண்டு பேசினேன். அவள் படத்தைத் திரும்பச் சின்னதாக்கினாள். அப்புறம் மிகவும் சின்னக் குரலில், "நான் எங்க வீட்டு குரூப்புக்கு இப்பத்தான் அனுப்பிட்டனுங்களே" என்றாள். "அழிச்சுரு. பொய்யின்னு எழுதிப் போடு. எழுது, நான் சொல்றேன்" என்றேன். அவள் எழுத ஆரம்பித்தாள், விரல் தடுமாறியது, இரண்டு தரம் தப்பாக அடித்து அழித்தாள்.

முன்னால் அந்தக் குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, இவர்களிடம் எப்படிச் சொல்வது, நம்பாவிட்டால், பிள்ளை பிடிக்கிறவளின் அம்மா என்று என்னையே படம் பிடித்துவிட்டால், பனிக்குள் நிறுத்தி இறக்கிவிட்டால், இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் பெரிய பயம். கீழே கல்லேறிப்பாளையத்தில் கூட்டம் கலைந்துவிட்டது என்று அவள் சொன்னாள், ஆனால் படம் கலையவில்லை, அது மலை ஏறி என்னோடு வந்திருக்கிறது, நாளைக்கு அவள் வேறு ஊரில் காரை நிறுத்தி இறங்குவாள். எழுந்தேன். வண்டி வளைந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முன் சீட்டில் மப்ளர் கட்டிய ஒருவர் போனை மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு படத்தின் பக்கத்திலிருந்த அம்பின்மேல் கட்டைவிரலைக் கொண்டுபோனார். அவர் தோளில் கை வைத்தேன்.

"அண்ணே, அத அனுப்பாதீங்க. ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளுங்க."